யாருடைய நிலையம்?



மாதம் பிறந்தால் முன்னேற்ற அறிக்கை தயாராகிவிடும். ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் காகிதத்தை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘பிசிக்கல் புராக்ரஸ்’ இத்தனை சதவீதம், ‘ஃபைனான்ஷியல் புராக்ரஸ்’ இத்தனை சதவீதம், தாமதத்துக்குக் காரணம் மழை, இல்லாவிட்டால் நிலம், அதுவும் இல்லாவிட்டால் வரைபட ஒப்புதல். கீழே கையெழுத்து. அது மேலே போகும். மேலே போனபின் அதை யார் படிக்கிறார்கள்? படித்தவருக்கு என்ன அதிகாரம்? அதிகாரம் உள்ளவர் வேலையை நிறுத்தச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விகளைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

அதற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன். மெர்சிடஸ் காரும் போர்ஷே காரும் அந்த ஊர்ச் சரக்கு. கணக்குக்கும் கறார்த்தனத்துக்கும் பேர்போன பகுதி. “ஜெர்மனிக்காரனே கோட்டை விட்டான் பாருங்கள்” என்று நாம் சந்தோஷப்படுவதற்காக இதைச் சொல்ல வரவில்லை. ஒரு பொதுக் கட்டுமானத்தின் உள்ளே ஓடிய காகிதங்கள் தணிக்கை வழியாகவும், நீதிமன்றம் வழியாகவும், கசிவு வழியாகவும் இவ்வளவு தூரம் வெளியே வந்திருப்பது அரிது. நம் ஊர் நிலையம் ஒன்றைப் பற்றி இதே அளவு ஆதாரத்தோடு பேச முடிந்தால் நான் அதைத்தான் எடுத்திருப்பேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். பழைய நிலையத்தை வடிவமைத்தவர் பவுல் பொனாட்ஸ் என்ற கட்டடக்கலைஞர். 1922-இல் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. நம்முடைய சென்னை சென்ட்ரல் மாதிரி முனைய நிலையம். வண்டி உள்ளே வந்து நின்றால், வந்த வழியேதான் திரும்ப வேண்டும். 1994 ஏப்ரலில் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு யோசனையை அறிவித்தார்கள்: ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச் பானின் தலைவர் ஹைன்ஸ் டூர், மத்தியப் போக்குவரத்து அமைச்சர் மத்தியாஸ் விஸ்மான், மாநில முதல்வர் எர்வின் டொய்ஃபல், நகர மேயர் மான்ஃபிரெட் ரோம்மல். நிலையத்தை அப்படியே பூமிக்குள் இறக்கி, தண்டவாளத்தைக் குறுக்கே திருப்பிப் போட்டு, வண்டிகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி செய்வது. மேலே பதினாறு தடங்கள் இருந்த இடத்தில் கீழே எட்டுத் தடங்கள் போதும். தரைமேல் உள்ள தண்டவாளங்களை எடுத்துவிட்டால் நகரின் நடுவே ஏறத்தாழ 100 ஹெக்டேர் நிலம் கிடைக்கும், அதை விற்றுச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டலாம். திட்டத்துக்கு ‘ஸ்டுட்கார்ட் 21’ என்று பெயர். இருபத்தொன்றாம் நூற்றாண்டைக் குறிக்கும் எண் அது. நூற்றாண்டில் எந்த ஆண்டு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

யோசனை மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். கிறிஸ்டோஃப் இங்கன்ஹோஃபன் 1997-இல் போட்டியில் வென்ற வடிவம் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. கோப்பை போல விரிந்து கூரையாகவே மாறிவிடும் இருபத்தெட்டு கான்கிரீட் தூண்கள், அவற்றின் தலையில் சூரிய வெளிச்சம் இறங்கும் கண்ணாடித் திறப்புகள். ஆனால் கீழே இருக்கும் பூமி அந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. நகரம் ஒரு பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிலும் மலைகள். எந்தத் திசையில் போனாலும் சுரங்கம்தான், மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வழியில் பல இடங்களில் அன்ஹைட்ரைட் என்ற பாறை. காய்ந்திருக்கும்வரை சாதுவாக இருக்கும். தண்ணீர் பட்டால் ஜிப்சமாக மாறி அறுபது சதவீதம்வரை ஊதும், சுரங்கத்தின் அடித்தளத்தையே தூக்கிவிடும். அதற்குப் பக்கத்திலேயே ஐரோப்பாவின் பெரிய கனிம நீரூற்றுகளில் ஒன்று. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்து மறுபடியும் பூமிக்குள் அனுப்ப, நகரத் தெருக்களின் தலைக்குமேல் கிலோமீட்டர் கணக்கில் குழாய்கள் ஓடின. நிலையத்துக்குள்ளேயே நடைமேடை சாய்வாக இருக்கிறது: ஆயிரம் மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் இறக்கம். புதிய நிலையங்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இரண்டரை மீட்டர். ஆறு மடங்கு. நின்ற வண்டி உருளுமா, தள்ளுவண்டியில் வைத்த குழந்தை உருளுமா என்று வருடக்கணக்கில் வாதாடினார்கள். இத்தனையும் தெரிந்த விஷயங்கள். எதுவும் மறைந்திருந்து திடீரென்று வெளிப்பட்டதில்லை.

இனி பணம். 1990-களின் நடுவில் சொன்ன கணக்கு யூரோவில் சுமார் 250 கோடி. 1999-இல் அப்போதைய ரயில் நிறுவனத் தலைவர் யோஹானஸ் லூடெவிக் கட்டுப்படியாகாது என்று திட்டத்தை நிறுத்தி வைத்தார். அந்த ஒருவர்தான் கையில் அதிகாரம் இருந்தபோதே அதைப் பயன்படுத்தியவர் என்பது என் அபிப்பிராயம். அவர் பதவியில் நீடிக்கவில்லை, அடுத்து வந்தவர் காலத்தில் திட்டம் எழுந்துவிட்டது. 2001-இல் நகரசபை, வரப்போகும் நிலத்தை 40 கோடி யூரோவுக்கும் மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கியது. கட்டி முடிக்காத நிலையத்தின் மேலே உள்ள, இன்னும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும் நிலத்தை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2009 ஏப்ரலில் நிதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் செலவு 307 கோடி யூரோ, எதிர்பாராததற்கு ஒதுக்கீடு 145 கோடி, ஆக 450 கோடிக்குச் சற்று மேல் உச்சவரம்பு. யார் யார் கையெழுத்து? ரயில் நிறுவனம், மாநில அரசு, நகரசபை, வட்டார மன்றம், விமான நிலைய நிறுவனம். மத்திய அரசும் ஒரு நிலையான தொகையைத் தந்தது. ஆக ஆறு பேர் பணம் போட்டார்கள். உச்சவரம்புக்கு மேல் போனால் யார் கொடுப்பது? அந்த இடத்தில் ஒப்பந்தம் சொல்வது இதுதான்: அப்படி நேர்ந்தால் தரப்புகள் உட்கார்ந்து பேச்சு நடத்தும். பேசும், அவ்வளவுதான். யார் தருவார் என்று எழுதவில்லை. ஒப்பந்தம் எழுதிப் பழகியவர்கள் இந்த அரங்கில் சிரிக்கிறீர்கள், எனக்குக் கேட்கிறது.

இந்த ஒப்பந்தத்துக்கு முன்பே, 2008-இல், நம்முடைய சி.ஏ.ஜி. போன்ற அவர்களுடைய மத்தியத் தணிக்கை அலுவலகம் நாடாளுமன்றத்துக்கு எழுதியது: செலவு 530 கோடி யூரோவைத் தாண்டும். அமைச்சகம் ஏற்கவில்லை. தணிக்கையாளர்கள் வெறுமனே சில்லறையைக் கூட்டிப் பார்ப்பவர்கள், கட்டுமானம் அவர்களுக்கு என்ன தெரியும் என்கிற தோரணை. இது எல்லா நாட்டிலும் உண்டு.

ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2009-இல் ரயில் நிறுவனத்தின் உள்கணக்கே 490 கோடியைத் தொட்டது. உச்சவரம்பு உடைந்துவிடும் போலிருந்தது. புதிய தலைவர் ரூடிகர் குரூபே, 450 கோடிதான் முறியும் புள்ளி, அதற்குமேல் போனால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிறகு நடந்தது வேடிக்கை. சுரங்கச் சுவரை மெலிதாக்குவது, கம்பியைக் குறைப்பது என்று சேமிப்புகள் ‘கண்டுபிடிக்கப்பட்டன’. எஸ்டிமேட் 409 கோடிக்கு இறங்கியது. டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2010 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. கூட்டினால் வரும் தொகையைக் கட்டடத்திலிருந்து எடுக்காமல், வர வேண்டிய தொகையை முதலில் எழுதிவிட்டுக் கட்டடத்தை அதற்குள் அடக்குவது நமக்கும் பழக்கம்தானே.

2010 இலையுதிர் காலத்தில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பர் 30 அன்று நிலையத்தை ஒட்டிய பூங்காவில் மரம் வெட்ட வந்தபோது போலீஸ் தண்ணீர் பீரங்கியால் கூட்டத்தைக் கலைத்தது. நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள், ஒரு முதியவர் கண்பார்வையை இழந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்றது. அந்த மோதலின் விளைவாக ஒரு நல்ல காரியமும் நடந்தது. ஹைனர் கைஸ்லர் என்ற மூத்த அரசியல்வாதியை நடுவராக வைத்து, ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் எதிரெதிரே உட்கார்ந்து, நாள் முழுக்கத் தொலைக்காட்சி நேரலையில் வாதாடினார்கள். தடத்தின் கொள்ளளவு, மண்ணியல், தீ விபத்தில் வெளியேறும் வழி, எல்லாவற்றையும். சாதாரண மக்கள் வீட்டில் உட்கார்ந்து பாறை அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தார்கள். பொதுக் கண்காணிப்பு என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 49 வண்டிகளைக் கையாள முடியுமா என்பதை ஜூரிச்சைச் சேர்ந்த ஒரு நிறுவனம் சோதித்தது. 

இங்கே ஹனி அஸெர் என்பவரைச் சொல்ல வேண்டும். எகிப்தில் பிறந்த பொறியாளர், பெர்லினின் புதிய மத்திய நிலையத்தைக் கட்டி முடித்தவர். ஸ்டுட்கார்டின் திட்டத் தலைவராக இருந்தபோது ஒரு பட்டியல் போட்டார். செலவைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய 121 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகலாம் என்ற மதிப்பு. கூட்டக்கூடியவைதான் மிகுதி. 2011-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார், பட்டியல் பத்திரிகைக்குக் கசிந்தது. ஒரு பொறியாளர் செய்யக்கூடிய மிகச் சிறந்த முன்னேற்ற அறிக்கை அதுதான் என்பேன். எத்தனை சதவீதம் முடிந்தது என்று அது சொல்லவில்லை. எது எது இன்னும் தெரியாது என்று சொன்னது. அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு. மாநிலம் தன் பங்கை விலக்கிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு 58.9 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். வாக்களித்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்த எண் 450 கோடி. அடுத்த ஆண்டு டிசம்பரில், ஓராண்டு ஓடி முடித்த கையோடு, நிறுவனம் 560 கோடி என்றது, 680 கோடிவரை போகலாம் என்றது. தணிக்கையாளர்கள் 2008-இலேயே சொன்ன எண்ணைத் தாண்டிப் போய்விட்டது.

2013 மார்ச் 5. இந்த உரையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் நாள் இது. நிறுவனத்தின் மேற்பார்வைக் குழு கூடியது. அதில் மத்திய அரசின் செயலர் நிலை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நிறுவனத்தின் நூறு சதவீதப் பங்கும் மத்திய அரசுடையது. சில வாரங்களுக்கு முன்புதான் போக்குவரத்து அமைச்சகத்தின் உள் ஆவணம் ஒன்று கசிந்திருந்தது: கூடுதல் செலவை ஒப்புக்கொள்ளப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமைச்சகத்தின் சொந்த அதிகாரிகளே எழுதியிருந்தார்கள். குழுவின் முன் இரண்டு எண்கள். திட்டத்தைக் கைவிட்டால் ஆகும் நஷ்டம், தொடர்ந்தால் ஆகும் நஷ்டம். தொடர்வதுதான் லாபம் என்று காட்டப்பட்டது. வித்தியாசம் பத்துக் கோடி யூரோவுக்கும் குறைவு. அதாவது 600 கோடி யூரோ வேலையில், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் கணக்கு 200 கோடி தவறியிருந்த வேலையில், பத்துக் கோடிக்குக் கீழே உள்ள வித்தியாசத்தை நம்பி முடிவெடுத்தார்கள். தராசின் பிழையைவிடச் சிறிய எடை அது. 200 கோடி உயர்வுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். உச்சவரம்பு 650 கோடிக்குப் போனது.

அந்தக் குழுவில் இருந்தவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் ஒவ்வொருவரும் நின்ற இடத்தைப் பாருங்கள். நிறுத்தினால் நஷ்டம் அந்த வருடக் கணக்கிலேயே ஏறும், பெயரோடு ஏறும். தொடர்ந்தால் நஷ்டம் பத்து வருடம் கழித்து, வேறு யாரோ இருக்கும் நாற்காலியில் விழும். தேர்தல் ஆண்டு வேறு. வாக்கெடுப்பில் மக்கள் சொல்லிவிட்டார்கள் என்ற கேடயமும் இருக்கிறது. மேற்பார்வை என்பது கண்ணைத் திறந்து வைத்திருப்பது என்று நினைக்கிறோம். அந்த அறையில் எல்லாருடைய கண்ணும் திறந்துதான் இருந்தது.

மற்றவர்களையும் பாருங்கள். மாநிலம் என்ன சொன்னது? எங்கள் பங்கு ஏறத்தாழ 93 கோடி, அதற்குமேல் ஒரு சென்ட் கிடையாது. அப்படிச் சொன்ன பிறகு செலவு ஏறுவதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? இதில் இன்னொரு முரணும் உண்டு. 2011-இல் ஆட்சிக்கு வந்த பசுமைக் கட்சி திட்டத்தை எதிர்த்தே வென்றது. எதிர்த்தவரே போக்குவரத்து அமைச்சராகி, வாக்கெடுப்பின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, கட்டுவதை மேற்பார்க்க வேண்டியதாயிற்று. மத்திய அரசு என்ன சொன்னது? இது ரயில் நிறுவனத்தின் சொந்தத் திட்டம், நாங்கள் நிலையான தொகை மட்டும் தந்தோம். தணிக்கை அலுவலகம் 2016-இலும் அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பக் குத்திக் காட்டியது இதைத்தான்: நிறுவனம் உங்களுடையது, அதன் கடன் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும், பிறகு எப்படி இது உங்கள் திட்டம் இல்லை? பதில் மாறவில்லை. 2018-இல் செலவு 820 கோடி ஆனது. அந்த ஆண்டு நிறுவனத்தின் அன்றைய தலைவர் ரிச்சர்ட் லுட்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார், இன்று தெரிவதெல்லாம் அன்று தெரிந்திருந்தால் இதைக் கட்டியிருக்கமாட்டார்கள் என்று. 2022-இல் ஒதுக்கீட்டோடு சேர்த்து 980 கோடி. 2023 முடிவில் 1,100 கோடியைத் தாண்டிவிட்டது.

மிச்சத்தை மற்றவர்களும் பகிர வேண்டும் என்று ரயில் நிறுவனம் 2016-இல் வழக்குப் போட்டது. ‘பேச்சு நடத்தும்’ என்ற அந்த வாசகத்தை நம்பித்தான். 2024 மே மாதம் ஸ்டுட்கார்ட் நிர்வாக நீதிமன்றம் தள்ளுபடி செய்தது: பேசுவது என்றால் பேசுவதுதான், பணம் தருவது என்று அர்த்தமில்லை. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டுக்கும் வழியில்லாமல் போனது. ஆக, இது யாருடைய நிலையம் என்ற கேள்விக்கு முப்பது வருடம் கழித்து நீதிமன்றம்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

லண்டனைப் பற்றி ஒரு நிமிடம். அங்கே கிராஸ்ரெயில் என்ற பாதை, இன்று எலிசபெத் லைன். அங்கே மேற்பார்வை அமைப்பு பார்க்க மிக ஒழுங்கு. மத்தியப் போக்குவரத்துத் துறையும் லண்டன் போக்குவரத்து அமைப்பும் கூட்டு ஸ்பான்சர்கள். அவர்களுக்காகக் கட்டுமானத்தைக் கண்காணித்துச் சொல்ல, தனியாக ஒரு பொறியியல் நிறுவனம் நியமிக்கப்பட்டிருந்தது. 2015-இல் சுரங்கம் தோண்டி முடிந்தது, பிரதமரும் மேயரும் இறங்கிக் கைகுலுக்கினார்கள். நேரத்துக்குள், நிதிக்குள் என்ற வாசகம் மந்திரம் போல ஒலித்தது. 2018 டிசம்பரில் திறப்பு. ஆகஸ்ட் 31 அன்று, நான்கு மாதம் கூட இல்லாத நேரத்தில், தாமதம் என்று அறிவித்தார்கள். திறந்தது 2022 மே 24. பாண்ட் ஸ்ட்ரீட் நிலையம் மட்டும் இன்னும் ஐந்து மாதம் பின்தங்கியது. பிரிட்டன் தணிக்கை அலுவலகம் பிறகு எழுதியது: எல்லாரும் 2018 டிசம்பர் என்ற தேதியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள், அந்தத் தேதிக்குள் அடங்கும்படி மிச்ச வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கினார்கள், முப்பத்தாறு பெரிய ஒப்பந்தங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. தோண்டியது முடிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. சிக்னலும் வண்டியும் நிலையத்தின் கணினியும் ஒன்றோடொன்று பேச மறுத்தது தெரியவில்லை.

ஸ்டுட்கார்டும் இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறது. அவ்வப்போது கட்டுமான இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். பல்லாயிரம் பேர் வருவார்கள். கோப்பைத் தூண்களுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். எதிர்த்துக் கொடி பிடித்தவர்கள்கூட, அழகாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கான்கிரீட் தன் கடமையை முடித்துவிட்டது. ஆனால் பழைய சிக்னலே வேண்டாம், முழுக்க டிஜிட்டல் முறையில் வண்டிகளை ஓட்டலாம் என்று இடையில் முடிவாயிற்று. ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய சந்திப்பில் இது புதிய முயற்சி. நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டுத் தடத்தில் எதிர்பார்த்த வண்டிகள் ஓட வேண்டுமானால் அது தேவையும்கூட. கட்டடத்துக்கு இருந்த தேதி கம்பிவடத்துக்கும் மென்பொருளுக்கும் அதற்கான பாதுகாப்பு ஒப்புதலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதுதான் பிசகு. திறப்பு 2019 என்றார்கள், பிறகு 2021, பிறகு 2025, பிறகு 2026 டிசம்பர். 2025 நவம்பரில், பதவியேற்றுச் சில வாரங்களே ஆன புதிய தலைவர் எவெலின் பல்லா, அந்த டிசம்பரும் இல்லை என்றார். மாற்றுத் தேதி எதையும் அப்போது சொல்லவில்லை. அத்தனை ஆண்டுகளில் அந்தத் திட்டத்திலிருந்து வந்த நேர்மையான முன்னேற்ற அறிக்கை அதுவாக இருக்கலாம்.

நிலத்தை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 2001-இல் நகரசபை காசு கொடுத்து வாங்கிய அந்த நிலத்தில் வீடுகள் கட்ட முழுத் திட்டமும் வரைந்து தயாராக வைத்திருக்கிறார்கள். 2023 முடிவில் நாடாளுமன்றம் ரயில்வே சட்டத்தைத் திருத்தியது. ரயில் நிலங்களை இனி எளிதில் வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, மிக வலுவான பொதுநலன் இருந்தால்தான் முடியும் என்றது. நாடெங்கும் கைவிட்ட பாதைகளைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம். ஸ்டுட்கார்டின் நிலமும் அதில் மாட்டிக்கொண்டது. வீடு வேண்டும் என்பது போதுமான பொதுநலனா என்ற சண்டை கிளம்பி, 2025-இல் சட்டத்தை மறுபடியும் தளர்த்தினார்கள். எதிர்ப்பாளர்களில் ஒரு பகுதியினர் மேலே உள்ள தண்டவாளத்தில் கொஞ்சமாவது அப்படியே இருக்கட்டும், எட்டுத் தடம் போதாது என்று இன்னும் கேட்கிறார்கள். கைஸ்லர் சமரசம் பேசிய கடைசிக் கட்டத்தில் முன்வைத்த யோசனையும் ஏறத்தாழ அதுதான்: பாதி மேலே, பாதி கீழே. அப்போது அது ஏற்கப்படவில்லை. புதிய நிலையம் திறந்து, பழைய தடங்கள் காலியாகி, நிலம் கைக்கு வரும்வரை நகரசபையின் அந்தப் பணம் தண்டவாளத்துக்கு அடியில்தான் கிடக்கிறது.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. இன்றைக்குக் கட்டிக்கொண்டிருக்கும் வேலைகளில் இருப்பவர்கள் முதலில் கேளுங்கள், ஓய்வு பெற்றவர்கள் பிறகு கேட்கலாம்.